விரதச் சட்டியில் பொரித்த நெத்திலி

கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறேன். மனைவி போன பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒரே வேலைதான். பள்ளி விட்டு வரும் பேத்திக்குப் பசியாற ஏதாவது செய்து கொடுத்து, அவள் அம்மா வேலை முடிந்து வரும்வரை பார்த்துக்கொள்வது. மருமகளுக்கு இதில் இஷ்டமில்லை. பிள்ளையை டிரான்சிட் காப்பகத்தில் விட்டால் அவர்களே சோறு போட்டு, வீட்டுப்பாடமும் செய்ய வைத்து அனுப்புவார்கள் என்று மகன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அந்த மத்தியானங்களும் போய்விட்டால் நான் எதற்கு? துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவன் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக மருமகள் வேண்டியிருந்தாள். வீடே சைவம். விரதச் சமையலுக்கென்று புதுச் சட்டி வாங்கி, கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டி வைத்திருந்தாள். முட்டை, நெத்திலி டப்பா, பழைய சட்டி எல்லாம் பின்பக்க அலமாரிக்கு நாடு கடத்தப்பட்டன. என்னையும் சேர்த்து அனுப்பியிருப்பாள், அலமாரியில் இடம் பத்தவில்லை.

அன்றைக்குப் பேத்தி பையை வீசிவிட்டு வந்தாள். வயசு எட்டு, வாய் எண்பது.

“டெய்லி பிரெட்டா தாத்தா? எனக்கு ஜெம்புட் வேணும். நெத்திலி போட்டு.”

“உங்கம்மா என்னைக் கொன்னுடுவா.”

“அம்மா வர்றதுக்குள்ள சாப்பிட்டுடலாம் லா. நான் சொல்ல மாட்டேன். ப்ராமிஸ்.”

முகத்தை அப்படி வைத்துக்கொண்டு கேட்டால் நான் என்ன செய்வேன்? ஜெம்புட் உருண்டைக்கு மாவு கரைத்தேன். அவள் நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டாள். வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே, பழைய சட்டியை எடுத்து வரச் சொன்னேன். அது அலமாரியின் அடியில் கிடந்தது. குனியச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய சட்டியை அடுப்பில் வைத்துவிட்டாள். எண்ணெயில் மாவு விழுந்து பொங்கும்போதுதான் மஞ்சள் கயிறு என் கண்ணில் பட்டது. அவளுக்கு அதைக் காட்டினேன்.

“கழுவிட்டா தெரியாது லா,” என்றாள், தட்டை நீட்டிக்கொண்டே.

ஆனது ஆகிவிட்டது என்று மிச்சத்தையும் பொரித்தேன். சில்லி சாஸ் தொட்டு, ஊதி ஊதித் தின்றாள். எனக்கும் ஒன்று ஊட்டிவிட்டாள். பொய் சொல்வானேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நெத்திலி வாடை லேசில் போகுமா? வேலையிலிருந்து வந்த மருமகள் சட்டியை முகர்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கண் கலங்கி மகளைப் பார்த்தாள்.

“தாத்தாதான். நான் வேணாம்னு சொன்னேன்.”

பேத்தியிடம் ஒரு திணறல் கிடையாது. கார்ட்டூனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் முதுகில் பிரம்பு இறங்கும். பழியை நானே ஏற்றுக்கொண்டேன். சட்டி குப்பைத் தொட்டிக்குப் போனது. மகன் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சாகப்போற வயசுல ஏம்ப்பா இந்த நாக்கு?” என்றான். நான் பெற்ற பிள்ளை. அதற்குப் பதிலாக எனக்கு ஓர் அறை விட்டிருக்கலாம்.

தூங்கப் போகுமுன் பேத்தி என்னிடம் வந்து ‘சாரி தாத்தா’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளை டிரான்சிட்டில் சேர்த்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. நான் இல்லாமல் கொஞ்சமாவது ஏங்கியிருப்பாள் என்று ஒரு நப்பாசை.

“எப்படிம்மா இருந்துச்சு? தாத்தாவைத் தேடுனியா?”

ஷூவைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

“இல்லையே. அங்க டீச்சருங்க எல்லாம் வாசமா இருக்காங்க தாத்தா.”

பையைக் கீழே வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன்.