தங்கம் கொண்டுவந்த சாம்பல்

என் சிநேகிதி தங்கம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "சித்தி, அம்மைக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வழியிலேயே..." என்றாள் அவள் மகள். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

திருவட்டாறு பக்கம் நம் பள்ளி அலுவலகத்தில் நாங்கள் இருவரும் எழுத்தர்களாக இருந்தோம். எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவளுடைய சாம்பல் பைத்தியம் தெரியும். அவள் வீட்டு வாழையும் மரச்சீனிக் கிழங்கும் அடுப்புச் சாம்பலில்தான் செழித்தன. தன் வீட்டுச் சாம்பல் போதாமல் ஊர்ச் சாம்பலுக்கெல்லாம் அலைவாள்.

நம் தலைமையாசிரியர் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? எல்லோரும் பந்திக்கு முந்த, இவள் பட்டுப்புடவையோடு சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். "இது ரப்பர் விறகா, புளியா?" என்று சமையற்காரரிடம் விசாரணை. அவர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, சாப்பிட வந்தியளா, சாம்பல் அள்ள வந்தியளா?"

"ரெண்டுக்கும்தான். மழையில நனையாம மூடி வையும். நனைஞ்சா சத்தெல்லாம் ஒழுகிப் போவும்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கையில் தாம்பூலப் பை, ஆட்டோவில் சாம்பல் சாக்கு. எனக்கு மானம் போயிற்று.

ஓய்வுபெற்ற பிறகு, குளச்சல் கடலோரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி நானும் ஏத்தன் வாழை வைத்தேன். "பேனா புடிச்ச கைக்கு மம்மட்டி ஒத்துவருமா?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். ஒரு குலையாவது வெட்டி அவர் முன்னால் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. தங்கத்திடம் சொன்னேன். மறுவாரமே ஆட்டோவில் சாம்பல் மூட்டைகளோடு வந்து இறங்கினாள். இருவருமாக ஒவ்வொரு வாழையின் அடியிலும் தூவி, மண்ணோடு கிளறிவிட்டோம்.

வாழை பச்சை பிடிக்கவில்லை. குருத்து விரிய விரிய மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பே போதும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தங்கத்தைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். வருத்தம் தெரிவிப்பாள் என்று நினைத்தால், "அப்பிடியா! எந்த இலை மொதல்ல மஞ்சளாச்சு? இளசா, முத்தலா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். தன் தோட்டத்துச் செம்மண் ஒரு பொட்டலம் கையில். என் ஊறுகாய் வினிகரைக் கேட்டு வாங்கி, அந்தச் செம்மண்ணில் ஊற்றினாள், சும்மா ஊறிப்போனது. என் மண்ணில் ஊற்றியதும் புசுபுசுவென்று நுரை எழும்பியது.

"பாத்தியாட்டி! உனக்க மண்ணுல சிப்பித்தூள் கெடக்கு. சுண்ணாம்பு ஏற்கெனவே கூடுதல். அதுக்க மேல நாம சாம்பலையும் போட்டிருக்கோம். எனக்க செம்மண்ணு புளிப்பு, அதுக்குச் சாம்பல் மருந்து. இதுக்கு வெசம்!"

"எனக்க வாழை போச்சுன்னு நான் கெடந்து தவிக்கேன், நீ நுரையப் பாத்துச் சிரிக்கியே!"

"எனக்க தப்புதான் மக்கா. ஆனா ஏன்னு தெரிஞ்சுபோச்சே, அது நல்லதுதானே, கொள்ளாமில்லியா?"

முகமெல்லாம் பூரிப்பு. அவளிடம் எப்படிக் கோபப்படுவது? சாம்பலை நிறுத்தினோம். மக்கிய சாணமும் இலைதழையும் போட்டுப் புதுக் கன்றுகள் வைத்தோம். அவை தப்பிப் பிழைத்துவிட்டன, குலையும் தள்ளின. அதை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுடைய இறுதிக் காரியம் முடிந்து வந்த பிறகுதான் தோட்டத்துப் பக்கமே போனேன். இதுவரை எட்டிப்பார்க்காத கிணற்றின் பின்பக்கத்தில் ஒரு வாழை, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய குலையோடு நின்றது. மிஞ்சிய சாம்பலை ஆத்திரத்தில் நான் கொட்டிய இடம் அது. அதன்மேல் வேண்டாமென்று எறிந்த கன்றுதான் அந்த வாழை. விஷத்தில் எப்படி இவ்வளவு பெரிய குலை? வினிகரை எடுத்துவந்து அந்த மண்ணில் ஊற்றினேன். நுரை வரவில்லை. என்னைத் தேடி வந்த என் வீட்டுக்காரர், "வீடு கட்டும்போ லாரியில வந்த செம்மண்ணு, மிச்சத்தை இங்கதான் தட்டினோம்" என்றார். தங்கத்தின் மண்ணைப் போலப் புளிப்பு மண்; அதற்குச் சாம்பல் மருந்து. அவர் குலையைத் தடவிப் பார்த்து, "கொள்ளாம்" என்று மெச்சினார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. "ஏட்டி தங்கம், நுரைக்கவே இல்லட்டி!" என்று என்னையறியாமல் கூவிவிட்டேன்.

ஏன் என்று தெரியாமல் விடக்கூடாது என்கிற அந்த அரிப்பை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள். அது எனக்குப் போதும். ஆனால் கண்டுபிடித்ததை ஓடிப்போய்ச் சொல்ல, திருவட்டாறில் எனக்கு இனி யாருமில்லை.