மாமனார் துப்பாக்கிக்குப் புதுக்கட்டை வேணுமா?

எங்க மாமனார் துப்பாக்கிய புதுசாட்டம் ஆக்கி, இப்பக் கட்டியிருக்கிற வூட்டுல மாட்டணும்னு எங்க வூட்டுக்காரருக்கு ஒரே ஆச. குழாய் வாயில மருந்து போட்டு இடிக்கிற பழங்காலத்துத் துப்பாக்கி அது. லைசென்ஸ் இருக்கு. ஆனா குழாயெல்லாம் துரு, கட்டையில பாதியக் கரையான் தின்னுடுச்சு.

ஸ்டேஷன்ல சொல்லிட்டு, பழைய சேலையில சுத்தி, திருமானூர்ல பஸ் ஏறி அரியலூர்ல மாறிப் பெரம்பலூரு போனோம். கண்டக்டரு, "என்ன ஆயா, கரும்பா?"ன்னாரு. "ஆமாப்பா, கடிச்சா பல்லு போயிடும்"னேன். பஸ்ஸே சிரிச்சுது. கூட வந்த எங்க வூட்டுக்காரரு மட்டும் மூஞ்சிய சன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

துப்பாக்கி ரிப்பேர் பாக்குற தம்பி குழாய்க்குள்ள கம்பிய வுட்டுப் பாத்துச்சு. சுடுற குதிரைக்குப் பக்கத்துல இருக்கிற இரும்புத் தகட்டத் தடவுச்சு. "இதுல செஞ்சவங்க பேரு வெட்டியிருக்கும். யாருங்க இப்புடித் தேச்சது?"

எங்க வூட்டுக்காரரு என்னையப் பாத்தாரு.

வேற யாரு? கல்யாணமாகி வந்ததுலேருந்து வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளியும் செங்கப்பொடியும் போட்டு நாந்தானே தேய்ப்பேன்! குத்துவிளக்கு, மம்புட்டி, துப்பாக்கி, எல்லாம் ஒரே வரிசையில. எழுத்துன்னு எனக்கு எங்க தெரியும்? அழுக்கு போவ மாட்டேங்குதேன்னு இன்னும் ரெண்டு அழுத்து அழுத்துனேன். மினுமினுன்னு இருக்கும், போங்க!

"துரு ஏறுனதே அந்தப் புளியாலதாம்மா. பேரும் போச்சு, பழம்பொருள்னு மதிப்பும் போச்சு. குழாய், கட்டை, குதிரை மூணையும் மாத்துனா பாக்க ஜோரா இருக்கும்"னுச்சு தம்பி.

"மாத்திடுங்க"ன்னுட்டாரு இவரு.

நான் வுடல. கட்டையத் திருப்பிக் காட்டுனேன். ஓரத்துல வெள்ளையா வெரல் தடம். கடலக்கொல்லைக் காவல்ல மாமனாரு வெத்தல போட்டா, வெரல்ல மிஞ்சுன சுண்ணாம்ப இதுலதான் தடவுவாரு. கட்டையில தண்ணி படக்கூடாதுன்னு மாமியா சொன்னதால அதுல நான் கைவைக்கல.

"இதத் தூக்கிப் போட்டுட்டு, புதுசு ஒண்ண மாட்டி, எங்கப்பாருதுன்னு யாருகிட்டச் சொல்லுவீங்க?"ன்னேன்.

அவரு அந்தத் தடத்து மேல தன் வெரல வச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் வெரல எடுக்கவேயில்ல.

"நீ தேய்க்காம வுட்டது இது ஒண்ணுதான் புள்ள"ன்னாரு. அப்பறம் தம்பிகிட்ட, "சுடவும் வேணாம், மினுக்கவும் வேணாம். துரு பரவாம, கரையான் ஏறாமப் பண்ணிக் குடுங்க. அந்தச் சுண்ணாம்பு மேல மட்டும் துணி படக்கூடாது"ன்னாரு.