அக்கா இடக்கையால் கீறிய சின்னம்

எங்கள் அக்காவின் நினைவாக அச்சிட்ட இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவன். கல்யாண அழைப்பிதழ், கோவில் நோட்டீஸ், இப்படியான நினைவு மலர் எல்லாம் என் கையால் போகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் வழமையாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார்: "நீதானே எழுதப்போறாய். 'இல்லறத்தை இனிதே நடத்தினார்' எண்டு மட்டும் போட்டிடாதை. போட்டியெண்டா எழும்பி வந்து அடிப்பன்."

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அக்காவின் மகளும் எங்கள் அம்மாவும் வாசித்துச் சம்மதித்த பிறகே இது அச்சுக்குப் போகிறது.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கர். நாங்கள் இரண்டு பிள்ளைகள்; அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அடங்கிய பிள்ளை என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை. பள்ளிக்கூட வாசலில் என்னை ஒருவன் தள்ளி விழுத்தியபோது, அவனுடைய புத்தகப் பையைப் பறித்துத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு, "இனித் தொட்டியெண்டா நீயும் உதுக்குள்ளதான்" என்றவர். அப்படிப்பட்டவர் பத்து வருடத்துக்குக் கிட்ட அடி வாங்கினார் என்பதை நம்பாதவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

அக்கா உயர்தரம் எழுதிய வருடம் அப்பா காலமானார். அக்கா தையல் பழகி, வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் சாறி பிளவுஸ் தைக்கப் போனார். அவருடைய உழைப்பில்தான் நான் வடிவமைப்புப் படித்தேன். இருபத்தாறு வயதில் கல்யாணம். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் வீடு.

அக்காவைக் கட்டியவரை நான் முறைப்படி அத்தான் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. திருவிழாவில் சாமி தூக்க முன்னுக்கு நிற்பவர் அவர். செத்த வீடென்றால் முதல் ஆளாகக் கதிரை அடுக்குவார். "தங்கமான மனிசன்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகி இரண்டாம் மாதம், ஒரு பின்னேரம், அக்கா தொலைபேசியில் என்னோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. ஏதோ உடைகிற சத்தம். பிறகு அக்காவே எடுத்து, "கோப்பை விழுந்திட்டுது" என்றார். அவர் அக்காவின் தலைமயிரைப் பிடித்துக் குசினிக் குழாயோடு மோதியதில் புருவம் பிளந்தது என்பது எனக்கு வருடங்கள் கழித்தே தெரியும். தம்பியாயிருந்தாலும் ஆம்பிளையோடு என்ன அப்படிச் சிரிப்பு என்பதுதான் குற்றம். அதன் பிறகு குற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. இடுப்புப் பட்டி, செருப்பு, கதவு, கையில் அகப்பட்டது எது என்றாலும் போதும். வயிற்றில் பிள்ளை இருந்தபோது உதைத்தார். பிள்ளை பிறந்த பிறகு, பிள்ளை அழுதால் அக்காவை அடித்தார்.

மகளுக்கு மூன்று வயதில் ஒரு காலை, அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அம்மா பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையை வச்சுக்கொண்டு தனிய என்ன செய்வாய்? கொஞ்சம் பொறுத்துப் போ" என்றார் அம்மா.

ஓட்டோ பிடித்தது நான். வெள்ளவத்தை வரை கூடப் போய்ப் படியேற்றி விட்டதும் நான். கதவைத் திறந்தவர் சிரித்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்தேன். நான் இறங்கிப் போன அரை மணித்தியாலத்துக்குள் அக்காவின் இரண்டு பற்கள் போயின.

அக்கா வேலைக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். ஆனால் பிளவுஸ் வெட்டி மிஞ்சும் பட்டுத் துண்டுகளைக் கடைக்கார ஐயா அக்காவுக்குக் கொடுத்தனுப்புவார். அக்கா அவற்றைப் பொருத்தித் தைத்து, வாயில் கயிறு கோத்துச் சுருக்குப் பை செய்தார். கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுக்க அளவான பை. ஒருவர் சொல்லி ஒருவராக ஆட்கள் தேடி வந்தார்கள். ஒரு பெண்கள் சங்கம் தங்கள் கைப்பணிக் கண்காட்சியில் மேசை ஒன்று தருவதாகச் சொன்னது.

"ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பேரும் சின்னமும் வேணுமாம், தம்பி. சிம்பிளா ஒண்டு கீறித் தா" என்றார் அக்கா.

நான் படித்த கெட்டித்தனம் முழுவதையும் இறக்கினேன். மயில், மயிலின் தோகைக்குள் ஊசி, கீழே தாமரை, பொன்னிறத்தில் தொடங்கி ஊதாவில் முடியும் நிறம். அக்கா தாளைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"கலியாணக் கார்ட் மாதிரிக் கிடக்கு."

"வடிவில்லையோ?"

"வடிவுதான். ஆனா இதை ஒரு துணியில தைக்க எனக்கு ஒரு கிழமை செல்லும். ஒரே நிறத்தில, ரூபாக் குத்திக் காசளவில அடிச்சாலும் விளங்கவேணும். பார்த்த உடன என்ர பை எண்டு தெரிஞ்சாக் காணும்."

மேசைக்கான பேராக, அக்கா தன் பேரை மட்டும் எழுதச் சொன்னார். இன்னும் மூன்று தாள் செய்து கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவை அக்காவைக் கட்டியவரின் கையில் அகப்பட்டன.

"என்ர பேர் எங்கே?"

"இது நான் தைக்கிற பைக்கு."

அக்கா சொன்னது அவ்வளவுதான். அவர் அக்காவின் வலக்கையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சூடு ஆறாத அயன் பெட்டியைத் தூக்கி அந்தக் கையின் மேல் அடித்தார். "இந்தக் கைதானே தைக்குது, இந்தக் கைதானே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். ஏழு வயது மகள் மேசைக்குக் கீழே இருந்தாள்.

மேல்வீட்டில் இருந்தவர் மாலினி அக்கா. தமிழ் அரைகுறையாகப் பேசுவார். "தொர அரின்ன! நங்கி, தொர அரின்ன!" என்று தங்கச்சியைக் கதவைத் திறக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தியிருக்கிறார். திறபடவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து பூட்டை உடைத்தார். களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவரே. எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்க, விழுந்திட்டன் என்ற பழைய பதிலுக்கு அக்கா வாயெடுத்தாராம். மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா விழேல்லை. அப்பா அயனால அடிச்சவர்."

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தக் கையைப் பார்த்தேன். தோல் உரிந்து, வீங்கி, கை என்றே சொல்ல முடியாத ஒன்று. ஒருவருக்கும் சொல்லாமல் வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் படியால் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய தலையைச் சுவரில் இருந்த கரண்ட் மீற்றர்ப் பெட்டியோடு அடித்தேன். கண்ணாடி உடைந்தது. அவர் என் வாயில் குத்தினார். நான் அவர் நெஞ்சில் ஏறி இருந்து குத்தினேன். எத்தனை என்று தெரியாது. பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தெடுத்தபோது எனக்கு நிறுத்த மனமில்லை. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இரத்தம் காய்ந்த சேர்ட்டோடு திரும்பிய என்னை அக்கா பார்த்தார்.

"அவன் உயிரோட இருக்கிறானோ?"

"ஓம்."

"நல்லது. நீ உள்ளுக்குப் போனா எங்களுக்கு ஆர் இருக்கினம்? உனக்குக் கோபம் வாறதெண்டா, நான் முதல் வந்த நேரம் வந்திருக்கவேணும்."



பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டு அக்காவும் மகளும் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். வலக்கையில் முழங்கை வரை மாக்கட்டு. இரண்டாம் நாள் காலை அக்கா ஒரு பேனையை இடக்கையில் பிடித்து, மகளின் கொப்பியில் ஏதோ கீறினார். ஒரு வட்டம். மேல்பக்கம் அது மூடாமல் நிற்கிறது. அந்த வாயிலிருந்து இரண்டு கயிறுகள் இரண்டு பக்கமும் போகின்றன. அவ்வளவுதான். கோடு நடுங்கி, ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலிந்து இருந்தது.

நான் அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, வட்டத்தைச் சரியான வட்டமாக்கி, கயிறுகளை அளந்து சமப்படுத்தி அச்சடித்துக் காட்டினேன்.

"இது ஆர் கீறினது?" என்றார் அக்கா.

"நீங்கள் கீறினதுதான். நான் கொஞ்சம் நேராக்கினனான்."

"நான் கீறினதைத் தா."

"அக்கா, கோணலாயிருக்கு. ஆட்கள் பிழையெண்டு நினைப்பினம்."

"கோணலாத்தான் கீறினனான். அடிச்சு முறிச்ச பிறகும் கீறினனான். அதை நீ நேராக்காதை."

கொப்பித் தாளை அப்படியே படமெடுத்து றப்பர் முத்திரை வெட்டுவித்தேன். ரூபாக் குத்தியளவில் அடித்தாலும் விளங்கியது. பார்த்த உடன் அக்காவின் பை என்று தெரிந்தது. எத்தனையோ கம்பனிகளுக்குச் சின்னம் செய்திருக்கிறேன். இதைவிட நல்லதை நான் செய்யவில்லை; இதையும் நான் செய்யவில்லை.

கண்காட்சிக்கு அவர் வந்தார். சனம் நிறைந்த காலை நேரம். சிரித்துக்கொண்டே மேசைக்கு முன்னால் நின்று, ஒரு பையை எடுத்துச் சின்னத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிரட்டினார். பைகளைச் செருப்புக் காலால் உழக்கினார். அக்காவின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, "வீட்ட வாடி" என்று இழுத்தார். வாங்க வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அக்கா நாலு அடி இழுபட்டார். பிறகு காலை ஊன்றித் திரும்பி, மாக்கட்டுப் போட்ட கையால் அவர் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்தது. இன்னொரு தரம் அடித்தார். மாக்கட்டு வெடித்தது. அவர் நிலத்தில் இருந்து, இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆட்களைப் பார்த்து, "பாருங்கோ, பாருங்கோ இவளை" என்றார்.

பொருந்தத் தொடங்கியிருந்த எலும்பு மறுபடி விலகியது. அதன் பிறகு அக்காவின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. "அடிச்சது பிழையெண்டு நினைக்கேல்லை. அந்தக் கையால அடிச்சதுதான் பிழை" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அவர் அக்காவை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் கட்டளையிட்டது. விவாகரத்துக்கு நாலு வருடம் எடுத்தது.

அக்கா இடக்கையால் வெட்டப் பழகினார். இடக்கையால் தைக்கப் பழகினார். எங்கள் வீட்டு முன்னறை தையல் அறையானது. ஒன்பது பெண்கள் அங்கே இருந்து தைத்தார்கள். அவர்களில் சிலர் ஏன் வந்தார்கள் என்பதை அக்கா கேட்டதில்லை. அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. கதவு அடிபட்டால் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடுவார். ஒரு நாள் மகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அறைந்த கையைப் பார்த்தபடி பின்னேரம் வரை சாப்பிடாமல் இருந்தார். பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் கண்டேன்.

நோய் மார்பில் தொடங்கி எலும்புக்குப் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அம்மா அக்காவின் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டு, "உன்னைத் திரும்பப் போகச் சொன்ன வாய் இது" என்று அழுதார். நானும் அந்த ஓட்டோவைப் பற்றிச் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நான் மறக்கேல்லை. மறந்திட்டன் எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா கடைசி வரைக்கும் நீங்கள்தானே என்னோட இருக்கிறியள்."

அதற்கு ஐந்தாம் நாள் விடிந்த பிறகு, மகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் மூச்சு நின்றது. வயது நாற்பத்தேழு.

பொரளையில் அக்காவின் பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலைக்கு அவர் மாலையோடு வந்தார். பெரியவர்கள் சிலர் எழும்பி இடம் விட்டார்கள். "என்ன இருந்தாலும் கட்டினவர். கிரியை அவர் செய்யட்டும்" என்றார் ஒருவர். பத்தொன்பது வயது மகள் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாவைத் தொடாதேங்கோ."

"தள்ளி நில்லடி" என்று அவர் கையை ஓங்கினார்.

அவ்வளவு சனத்துக்கு நடுவில், செத்த வீட்டில், மாலை பிடித்திருந்த கையை விட்டு மற்றக் கை தானாக எழும்பியது. மகள் அசையவில்லை. கண்ணையும் மூடவில்லை. அந்தக் கை எப்படி எழும்புகிறது என்பதை எங்கள் சொந்தம் முழுவதும் அன்று பார்த்தது. எங்கள் அம்மா தடியை ஊன்றி வந்து பேத்திக்குப் பக்கத்தில் நின்றார். மற்றப் பக்கம் மாலினி அக்கா வந்தார். எழும்பி இடம் விட்ட பெரியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் மாலையைக் கதிரையில் போட்டுவிட்டுப் போனார். கொள்ளி மகள் வைத்தாள்.

பூட்டை உடைத்த மாலினி அக்காவுக்கும், துணி கொடுத்தனுப்பிய தையல் கடை ஐயாவுக்கும், பொய் எழுதாத டொக்டருக்கும், இறுதி வரை பார்த்த தாதிமாருக்கும், கிரியைகளில் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்கா போய் எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரப் பெண் ஒருவர் வந்தார். வெக்கையிலும் நீளக் கைச் சட்டை. எல்லோரும் எழும்பிப் போகும்வரை இருந்துவிட்டு, தையல் அறையில் தனக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று மகளிடம் கேட்டார். மகள் ஏன் என்று கேட்கவில்லை. "நாளைக்கே வாங்கோ" என்றாள்.

அவர் வந்தார். அவர் பேரை இங்கே எழுதவில்லை. வந்ததற்கு அவருக்கும் நன்றி.