எனக்கு மட்டும் போகாத சாயம்

மதுவிலக்கு இருந்த காலம். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் நான் சூப்பர்வைசர். பனியன் துணியை வெளுக்கவும் சாயம் ஏற்றவும் ஆறு பேர். அவர்கள் செய்வது சரியா என்று பார்க்க நான் ஒருவன். தினமும் வெள்ளைச் சட்டையில் போவேன், தொட்டிக்கு நாலடி தள்ளி நின்றுதான் பேசுவேன். பேச்சு பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றித்தான். "சாராயத்தத் தொட்டா ஈரல் வெந்து போயிரும்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவேன். ஆறு பேரில் குடிக்கிறவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரும் அவருக்காகச் சேர்ந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் கோயமுத்தூரிலிருந்து ஒரு லேடி டாக்டர் பட்டறைக்கு வந்தார். சாயமும் சோடாக் காரமும் புழங்குகிறவர்களுடைய ஈரல் எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். "ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு, சாயத்தைத் தொடாத ஆரோக்கியமான ஆள் ஒருத்தரும் வேணுங்க" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்து நின்றேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இனி என்னய வச்சுத்தான் மத்தவங்களை அளக்கப் போறாங்க" என்றேன்.

"ஏனுங்க, அதுக்கு ஊசி போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

குறித்த நாளில் ஏழு பேரும் வெறும் வயிற்றோடு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினோம். ஆரோக்கியமானவன் என்கிற உரிமையில் முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் ஆறு பேரில் ஒருவரான எங்கள் சாய மாஸ்டர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். துணி ஈரமாக இருக்கும்போதே காய்ந்தால் என்ன நிறம் வரும் என்று சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு கையில் ஊசி வழியாக ஒரு சாயத்தை ஏற்றினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மறு கையில் ரத்தம் எடுத்தார்கள். ஆறு பேரும் வேடிக்கை பார்த்தபடி கையை நீட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது.

ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நின்ற நீரைக் குழாய்களில் ஊற்றி, டாக்டரம்மா ஒவ்வொன்றிலும் ஏதோ மருந்துச் சொட்டு விட்டார். ஆறு குழாய்களில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அது என்னுடையது.

பாய் குனிந்து பார்த்துவிட்டு, தொழில்காரருக்கே உரிய மதிப்போடு சொன்னார்: "நம்ம சூப்பர்வைசருக்குத்தாங்க சாயம் நல்லாப் புடிச்சிருக்குது."

எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. நான் அடக்கமாகச் சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல ஈரலா இருந்தா இந்நேரம் சாயத்த ரத்தத்துலருந்து எடுத்து வெளியேத்தியிருக்குங்க. உங்களுக்குத்தான் அப்படியே நிக்குது. குடிப்பீங்களா?"

ஆறு பேர் முன்னால் அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. வாரா வாரம் செய்யும் பிரசங்கத்தில் பாதியை அங்கேயும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார்.

"பசி எடுக்கறதுக்கு ஒரு டானிக் மட்டுமுங்க."

"எவ்வளவு?"

பாட்டிலில் இரண்டு ஸ்பூன் என்றுதான் போட்டிருந்தது. நான் ஸ்பூனைத் தேடுவதை எப்போதோ விட்டு டம்ளருக்கு வந்திருந்தேன். இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில் ஆகும். குடித்தால் மனசு இளகி முருகன் பாட்டாக வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவது கொசுவுக்காக என்று நினைத்திருந்தேன்.

அளவைச் சொன்னதும் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதுல சாராயச் சத்து இருக்குதுங்க. இந்த அளவுல குடிச்சா அதுவும் குடிதான். இன்னியோட நிறுத்துங்க. உங்களை ஆரோக்கியமானவங்க பட்டியல்லருந்து எடுத்துட்டேன்."

"அப்ப சாயக்காரங்க பட்டியல்ல போட்டுக்குங்க."

"நீங்கதான் சாயத்தையே தொடறதில்லையே?"

ஆக, எந்தப் பட்டியலிலும் எனக்கு இடமில்லாமல் போயிற்று.

நிறுத்தியபின் ஒரு வாரம் கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை. எரிச்சலில் யார் மேலாவது விழுந்துகொண்டே இருந்தேன். பட்டறையில் யாரும் அதைப் பேச்சுக்கு எடுக்கவில்லை. அந்தக் குடிக்கிறவர் மட்டும், "மோரு குடிங்க, அடங்கும்" என்று தினம் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தார். என் பிரசங்கம் அத்தனையும் கேட்டவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

சில மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது என் ரத்தத்தில் சாயம் நிற்கவில்லை. அதைச் சொல்ல டாக்டரம்மா பட்டறைக்கே வந்தார். ஆறு பேருடைய ஈரலும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பாயின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் காரம் அரித்து வெடித்திருந்தது.

"ரப்பர் கிளவுஸ் கிடையாதுங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தேய்ந்துவிடுமே என்று நான்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். திறந்தோம். வெக்கையில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தது. பாய் ஒன்றை உரிக்கப் பார்த்தார். ஒரு விரல் மட்டும் தனியாகப் பிய்ந்து வந்தது.

ஈரலைப் பற்றி இத்தனை பேசியவன், நாலடி தூரத்தில் இருந்த கையைப் பார்க்கவில்லை. அதை முதலாளியிடம் அப்படியே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "என் தப்புங்க, புதுசு வேணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஆறு ஜோடி வந்தன. ஆளுக்கு ஒன்றாக நானே கொடுத்தேன், ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல். பாய் மாட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க" என்றார். அவருக்கு வேறு அளவு மாற்றிவர அப்போதே சைக்கிளை எடுத்தேன்.