மங்கலம்பேட்டையில் வாங்கிய மதர்போர்டு

என் தங்கையின் மடிக்கணினி ஒரு பொம்மையைத் திருப்பிக் காட்டுவதற்குள் அவள் எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடுவாள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பொம்மை யூனிட்டுக்கு அவள் வீட்டிலிருந்தே வடிவமைப்பு செய்துகொண்டிருந்த காலம் அது. கொலு பொம்மைகளைக் கணினியில் முப்பரிமாணத்தில் செதுக்கி அனுப்புவாள். அதை வைத்து அங்கே அச்சு செய்வார்கள். நானும் அதே அறையில் உட்கார்ந்து சென்னையில் உள்ள ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணினியும் கடைசி மூச்சில்தான் இருந்தது.

இரண்டு பேருக்கும் புதிது வேண்டும். எங்கள் கையிருப்பு ஒன்றுக்குத்தான் வரும். எனக்கு லினக்ஸ் இல்லாமல் முடியாது. அவளுடைய செதுக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும், அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரே பெட்டியில் லினக்ஸை ஓடவிட்டு, அதற்குள் விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடவிடலாம். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் அந்த உள்கணினியிடமே நேராக ஒப்படைத்துவிட வேண்டும். கார்டில் ஒரு திரையைச் செருகினால் அது அவளுக்கு. பிராசசரிலேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் போதும், அது என் திரைக்கு.

அம்மாவிடம் சொன்னபோது, "ஒரே பொட்டியில ரெண்டு பேரும் வேலை செய்வீங்களா? ரெண்டு நாள்ல சண்டை வந்துடும் பாருங்க" என்றார்.

எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று சாயங்காலங்களில் நானும் தங்கையும் பேசிக்கொண்டே இருப்போம். பிராசசர் புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் அளவுக்கு அதில் கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் உள்பகுதிகள், வேண்டும். ராமில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. கார்டு பழையதாக இருக்கலாம், பொம்மையைத் தடங்கலில்லாமல் திருப்பினால் போதும். இதெல்லாம் எளிதாக முடிவாகிவிட்டது. மாட்டிக்கொண்டது மதர்போர்டில்தான்.

மதர்போர்டு தன்னிடம் இருக்கும் பாகங்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருக்கும். கார்டை உள்கணினிக்குக் கொடுத்தால், அந்தக் குழுவில் இருப்பதெல்லாம் அதன் கூடவே போய்விடும். கார்டும் இன்டர்நெட் இணைப்பும் ஒரே குழுவில் இருந்துவிட்டால் என் வேலை அதோடு போச்சு. எந்த போர்டு எப்படிப் பிரிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்காது. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஓடவிட்டுப் பார்க்க எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்?

"மங்கலம்பேட்டை பாய்கிட்ட கேப்போம்க்கா" என்றாள் தங்கை.

அவர் கல்ஃபில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, கடைத்தெருவில் பழைய கணினிகள் விற்கும் கடை வைத்திருந்தார். தங்கையின் மடிக்கணினி அங்கே வாங்கியதுதான். ஒரு சனிக்கிழமை காலை, உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்த பழைய கார்டையும், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

"வாங்கம்மா. என்ன பாக்கணும்?"

"மதர்போர்டு வேணும் பாய். ஆனா ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்துட்டுதான் எடுப்போம்."

"ஓடும்மா. ஓடாததை நான் விக்கறதில்ல."

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை குறுக்கே புகுந்தாள். "எங்க அக்கா ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை வெக்கப் போறாங்க பாய். உள்ள இருக்கறது எனக்கு."

பாய் சிரித்துவிட்டார். "ஒரே வூடு, அடுப்பு மட்டும் ரெண்டா?"

"அப்படிதான் பாய்."

அவர் மேசையை ஒழித்து இடம் கொடுத்தார். பிராசசரும் ராமும் செருகிய போர்டு ஒன்றை அவரே எடுத்து வைத்தார். நான் கார்டைப் பொருத்தி, பென்டிரைவைச் செருகி, ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாமே ஒரே குழுவில் கிடந்தன. அடுத்ததில் பாகங்களைப் பிரிக்கும் வசதியே பயோஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்பில், இல்லை. அதற்குள் பாங்கு சத்தம் கேட்டது. "தொழுதுட்டு வந்துடறேன். கடையைப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு பாய் கிளம்பிவிட்டார்.

அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களிடம் இப்படியா கடையை விட்டுப் போவார் என்று எனக்கு வியப்பு. தங்கைக்கு அதெல்லாம் இல்லை. மவுஸ் கேட்டு வந்த ஒருவரிடம் மூன்று மவுஸ்களை எடுத்துக் காட்டி, அவர் கையில் எது அடங்குகிறது என்று பிடித்துப் பார்க்கச் சொன்னாள். பாய் திரும்பி வந்தபோது மவுஸ் விற்றிருந்தது.

"வியாபாரம் நல்லா நடக்குதே! நீங்க இங்கயே இருந்துடுங்கம்மா" என்றார்.

பிறகு உள்ளே போய், ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கனமான போர்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ஓடவிட்டேன். கார்டும் அதன் ஒலிப் பகுதியும் தனியாக ஒரு குழுவில் நின்றன. கூட வேறு எதுவும் இல்லை. "பிரிஞ்சிடுச்சு! பிரிஞ்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

நாங்கள் பேரம் பேசவில்லை. பாய் தானாகவே குறைத்துக்கொண்டார். "ஓடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்கம்மா. எனக்கும் தெரியணும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் செய்தித்தாளில் சுற்றிய போர்டு என் மடியில் இருந்தது. மேடுபள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் தங்கை அதன்மேல் கை வைத்துக்கொண்டாள்.

எல்லாம் பூட்டி முடித்தும் அவள் திரை கறுப்பாகவே இருந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கணினி எழும்போதே லினக்ஸ் அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. சொல்லிவைத்தேன். தங்கை காபியோடு அறைக்குள் வந்த நேரத்தில் திரை வெளுத்தது. டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். பாய்க்குப் போன் போட்டோம்.

"மாஷா அல்லாஹ்! கேம் ஓடுதாம்மா?"

"பொம்மை ஓடுது பாய்" என்றாள் தங்கை.

அம்மா சொன்ன சண்டையும் வராமல் இல்லை. நான் பெரிய வேலை எதையாவது ஓடவிட்டால், "என் பொம்மை இழுக்குதுக்கா, என்ன பண்ற நீ?" என்பாள். கணினியை ரீஸ்டார்ட் செய்ய அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். "இரு, பார்வதி மூக்கு பாதியில நிக்குது" என்று காக்கவைப்பாள். கரண்ட் போய் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால் இருவரும் ஒரே நேரத்தில் கீபோர்டில் பாய்வோம். சித்திரை வெயிலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதற்கே திருப்பி வைத்துவிடுவோம். நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருப்போம். அந்த வருஷம் அவள் செய்த கல்யாண செட்டு பொம்மைகள் கடைகளுக்கு வந்தபோது, கடை கடையாகப் போய்ப் பார்த்தோம். மேளக்காரரின் கன்னம் உப்பியிருந்தது. அதை உப்பவைக்க அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள்.

பிறகு குஜராத்தில் மோர்பி என்ற ஊரில், டைல்ஸ் வடிவமைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ரயிலடிக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். "போயிட்டு வரேன்க்கா" என்றாள். மறுநாள் எல்லாக் கோர்களும் எனக்கே கிடைத்தன. கணினி பறந்தது. யாரையும் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்தேன். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பக்கத்துத் திரை கறுப்பாக இருந்தது. தெரிந்தவர்கள் கார்டைக் கழற்றி விற்றுவிடச் சொன்னார்கள். மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. "இங்க எல்லாமே சதுரமா இருக்குதுக்கா. எனக்குப் பொம்மை செய்யணும் போல இருக்குது. நம்ம பொட்டி ஓடுதா?"

அங்கிருந்தே இன்டர்நெட் வழியாக அவள் எங்கள் பெட்டிக்குள் நுழைய வழி செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், என் பக்கத்துத் திரையில் யாரும் தொடாமலே மவுஸ் அம்பு நகர்ந்தது. பழைய கோப்பு ஒன்று திறந்தது. பாதியில் விட்டிருந்த பிள்ளையார், மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"எப்படி இருக்குதுக்கா?"

"காது கொஞ்சம் பெருசா இருக்குதுடி."

"பிள்ளையாருக்குக் காது பெருசாதான் இருக்கும்."

"இது அவருக்கே பெருசு."

அவள் சிரிப்பது கேட்டது. நாற்காலியை அந்தத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காதின் ஓரம் உள்ளே மடங்கத் தொடங்கியது.