அலை வரும் என்று சொன்ன செந்தமிழ்

பிரம்மதேசத்து அப்பாவுவின் மூத்த மகள் செந்தமிழ். அப்பாவுவின் அம்மாவும் மரக்காணம் உப்பள மேஸ்திரி காசிலிங்கத்தின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அந்த வழியில் காசிலிங்கம் அவளுக்குச் சித்தப்பா.

சென்னையில் செல்போன் டவருக்கு ஆன்டெனா செய்யும் கம்பெனியில் அவளுக்கு டிசைன் வேலை. இந்த ஆன்டெனா மொட்டைமாடியில் டிவிக்கு நிற்கும் மீன்முள் இல்லை. ஆள் உயரத்துக்கு, வெள்ளையாக, கதவில்லாத பீரோ மாதிரி இருக்கும். 2005 வைகாசியில் அவளே கணக்குப் போட்டுச் செய்த முதல் பெட்டியை மரக்காணம் டவரில் ஏற்றினார்கள். சென்னை அதிகாரி போன் போடுவார். உப்பளத்தில் ஒருவர் எடுத்துப் பேசினால் பெட்டி பாஸ். இல்லையென்றால் பழைய வெளிநாட்டுப் பெட்டியே திரும்ப ஏறும், செந்தமிழ் பில் போடும் சீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பேசுவதற்கு ஆள் காசிலிங்கம். போனை வாங்கிக்கொண்டு, இது எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்டார். அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பெயர் மட்டும் செந்தமிழாம், வாயைத் திறந்தால் ஒரு மண்ணும் புரியவில்லை என்றார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“பழைய பெட்டி நிமிர்ந்து நின்னுச்சு சித்தப்பா. அலையெல்லாம் கடல் மேலயே போச்சு. என் பெட்டி தலை குனிஞ்சிருக்குது. இன்னிக்கு அலை நேரா உப்பளத்துக்குள்ள வரும்.”

சொல்லிவிட்டு டவருக்கு நடந்தாள். போன மார்கழியில்தான் கடல் உள்ளே வந்து பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. அது அவள் நினைவிலேயே இல்லை.

திரும்பி வந்தால் உப்பளத்தில் ஈ காக்கை இல்லை. பலகையும் கூடையும் போட்டது போட்டபடி கிடந்தன. அவளுடைய போனில் சிக்னல் முழுசாக நின்றது. எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை. வேலை போயிற்று என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். காசிலிங்கம் ஓடிக்கொண்டேதான் போனை எடுத்தாராம். எடுத்ததும், “அலை வந்துட்டுதா சார்?” என்றாராம்.

“ஃபுல்லா வந்திருக்குது” என்றிருக்கிறார் அதிகாரி, சந்தோஷமாக.

“எதுவரைக்கும் வருமுங்க?”

“அதைத்தான் பார்க்கணும். நிக்காம போய்க்கிட்டே இருங்க.”

மொத்த உப்பளமும் உப்பு லாரியில் தொற்றித் திண்டிவனம் ரோட்டில் போயிருக்கிறது. காசிலிங்கம் கேட்ட ஒவ்வொரு ஊருக்கும் அதிகாரி “வருது, வருது” என்றிருக்கிறார். பிரம்மதேசத்து எல்லையில் “இதுக்கு மேல வராது” என்றதோடு லைன் அறுந்துவிட்டதாம். இவ்வளவு தூரம் போய்ச் சோதித்துக் கொடுத்த ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். பெட்டி பாஸ்.

அவள் மூச்சு விடுவதற்குள் பிரம்மதேசத்துக் கடையில் ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து காசிலிங்கம் கூப்பிட்டார்.

“தமிழு, அலை ஊருக்கு வெளியவே நின்னுட்டுது. ஆனா நீ ஏம்மா இன்னும் அங்கயே நிக்கற? ஓடியா.”