அப்பா கழுவிய ஊருணி

எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி செமஸ்டரில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னபோது என் வகுப்பில் பாதிப் பேர் மூலிகை எடுத்தார்கள். மீதிப் பேர் மூலிகைச் சாறு எடுத்தார்கள். நான் பாசி எடுத்தேன். கண்டரமாணிக்கம் பக்கம் எங்கள் ஊரில் ஓர் ஊருணி, அக்கம்பக்கத்து ஊர்களில் இரண்டு. இந்த மூன்றிலும் வளரும் நுண்பாசிகளை ஒப்பிட்டு எழுதுவதாகத் திட்டம்.

எங்கள் ஊரிலிருந்து எம்.எஸ்சி. வரைக்கும் போன முதல் பெண் நான். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாசியைப் படிக்கிறேன் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. "கழுவி ஊத்துறதுக்கா காரைக்குடி வரைக்கும் பஸ் ஏறிப் போறே?" என்று தண்ணீர் எடுக்க வந்த அத்தை ஒருத்தி கேட்டாள். குழாய்த் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பிறகும், பருப்பு வேக ஊருணித் தண்ணீர்தான் சரி என்று குடம் தூக்கி வருகிறவள் அவள்.

எங்கள் ஊருணிக்கென்று சில சட்டதிட்டங்கள் இருக்கின்றன. செருப்போடு கரை ஏறக் கூடாது. தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது. கடைசிப் படியில் குனிந்து, மேலாக மிதப்பதைக் குடத்தின் அடியால் ஒதுக்கிவிட்டு முகக்க வேண்டும். நானும் அந்தப் படியிலிருந்தே கயிறு கட்டிய பிளாங்டன் வலையை வீசினேன். மெல்லிய துணியில் தைத்த, புனல் மாதிரியான வலை அது. அடியில் தேங்குவதைக் குப்பியில் பிடித்து, பாசி அழியாமலிருக்க அயோடின் சொட்டுவிட்டு, வாரம் தவறாமல் பஸ்ஸில் மடியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவேன். நுண்ணோக்கியில் எங்கள் ஊருணி ஜோராக இருந்தது. மற்ற இரண்டு ஊருணிகளைவிட அதில்தான் வகை அதிகம். என்னமோ நானே வளர்த்த மாதிரி மேடத்திடம் பீற்றிக்கொண்டேன். மேடம் என்றால் என் ஆய்வுக்கு வழிகாட்டி. "அப்படியா, நேரில் வந்து பார்க்கிறேன்" என்றார்.

மாசி மாதம் அவர் வருவதாக முடிவானது. அதை அப்பாவிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

அப்பா விவசாயி. ஊருணியைப் பராமரிக்கும் பொறுப்பு அப்போது அவரிடம் இருந்தது. எங்கள் ஊரில் வெளியாள் வருகிறார் என்றால் முதலில் ஊருணியைத்தான் சுத்தம் செய்வார்கள். திருவிழாவா, கல்யாணமா, கலெக்டர் வருகிறாரா, பாசியை அள்ளு. தண்ணீர் பச்சையாகக் கிடந்தால் ஊரே அழுக்குச் சட்டையோடு நிற்பது போல அவர்களுக்கு. இந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் பாசியைப் பார்க்க வருகிறவருக்காகப் பாசியை அள்ளுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேடத்தைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துக்கொண்டு கரை ஏறினேன். தண்ணீர் பளிச்சென்று கிடந்தது. கரையோரம் அள்ளிப் போட்ட பாசி குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் பிளீச்சிங் பவுடர் நெடி. அப்பா வெள்ளை வேட்டியில் நின்று, "வாங்கம்மா, வாங்க. நம்ம ஊருத் தண்ணி எப்புடி இருக்குன்னு பாருங்க" என்றார். முகம் பூராவும் சிரிப்பு.

மேடம்தான் சமாளித்து, "ரொம்ப சுத்தமா இருக்குங்க" என்றார்.

மேடம் ஊருக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் அப்பாவைக் கரையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏன்ப்பா இப்புடிச் செஞ்சீக? அந்தப் பாசியத்தான நான் படிக்கிறேன்."

"அதுக்கில்லத்தா. வெளியூரு டீச்சரம்மா வாராக. பச்சையாக் கெடந்தா நம்மள என்ன நெனப்பாக?"

"என்னைய என்ன நெனப்பாகன்னு யோசிச்சீகளா?"

அன்றைக்கு அப்பா மேல் வந்த கோபத்தை நான் இன்னமும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். மூன்று ஊருணிகளில் ஒன்று போனால் ஒப்பிட என்ன இருக்கிறது? தலைப்பை மாற்றினால் செமஸ்டர் போய்விடும், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வீட்டில் மாப்பிள்ளை பேச்சு வேறு அடுப்படியில் ஆரம்பித்திருந்தது. ஒரு வருடம் தள்ளிப்போனால் பட்டமே அந்தப் பேச்சில் கரைந்துவிடும் என்று பயந்தேன்.

மேடம் கோபப்படவில்லை. "இந்த ஊருணியை விட்டுடு. மத்த ரெண்டை வச்சு ஏதாவது எழுதி முடி" என்றார். அந்த 'ஏதாவது' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. ஏதாவது எழுத நான் எதற்கு?

வீம்புக்கு மறுபடியும் வலை வீசினேன். முதல் முறை நுண்ணோக்கியில் வெறும் மண் துகள்தான். அடுத்து எடுத்ததிலும் ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்ததில், கண்ணாடித் தகட்டின் ஓரத்தில், கடுகைவிடப் பல மடங்கு சின்னதாகப் பச்சை உருண்டைகள் சில. வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருணி மறுபடியும் தொடங்குகிறது. எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது, எது வராமலே போகிறது என்று கூட இருந்து பார்க்கலாம். கழுவுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு என்னிடம் இருக்கிறது. கழுவாத இரண்டு ஊருணிகள் பக்கத்திலேயே ஒப்பிடக் கிடக்கின்றன. திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. அந்த யோசனை என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

மேடம் கேட்டுவிட்டு, "தலைப்பை லேசா மாத்தினாப் போதும். ஆனா பங்குனி முடியற வரைக்கும் அந்த ஊருணியில யாரும் கை வைக்கக் கூடாது. முடியுமா?" என்றார்.

பங்குனியில்தான் எங்கள் ஊர்த் திருவிழா. அதற்கு முன் ஊருணியைக் கழுவாமல் விட்டதாக யாருக்கும் நினைவில்லை. வெளியூரில் இருக்கிற சொந்தம் அத்தனையும் வந்து இறங்கும்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "திருநா அன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

கோயில் வாசலில் ஊர்க் கூட்டம் நடந்தபோது நான் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றேன். ஊருணிப் பேச்சு வந்ததும் அப்பா எழுந்தார். "இந்த வருசம் திருநா முடியட்டும், அப்பறம் அள்ளிக்குவோம். எம் மகளுக்குப் படிப்பு வேலை கெடக்கு" என்றார். பங்காளி ஒருவர், "மக பாசி படிக்குது, அப்பன் பாசி வளக்குறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலே மாற்றிக்கொண்டு வருகிறவர் அப்பா. சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார். அடங்கியதும், "ஆமா, வளக்குறேன். இந்த ஒரு வருசம் விட்டுக்குடுங்க" என்றார். விட்டுக்கொடுத்தார்கள்.

திருவிழா அன்று ஊருணி கரும்பச்சையாகக் கிடந்தது. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா பதில் சொன்னார். நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் அது பச்சையாக ஆக ஆகச் சந்தோஷப்பட்டேன். முதலில் வந்த உருண்டைகளுக்குப் பின்னால் நூல் பாசி வந்தது. அதற்கும் பின்னால், கண்ணாடி ஓடு போர்த்திய டயாட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சில வகைகள் கடைசிவரை வரவேயில்லை. அதையும் எழுதினேன்.

ஆய்வேட்டில், 'உள்ளூர் வழக்கப்படி ஊருணி சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தேன். யார் செய்தது என்று சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருக்கலாம். அதற்காக அவரை அந்நியர் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாய்மொழித் தேர்வான வைவா அன்று பைண்டு செய்த பிரதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பாவே வந்தார். வெளியே நிற்கிறேன் என்றவரை மேடம் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். நான் பேசியதெல்லாம் இங்கிலீஷில். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் திரையில் ஊருணிப் படம் வந்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாம் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டார். இத்தனை வாரம் ஒரு பொது ஊருணியில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"அந்தா, பின்னாடி உக்காந்திருக்காங்க சார். எங்க அப்பா" என்றேன்.

எல்லோரும் திரும்ப, அப்பா எழுந்துவிட்டார். தேர்வாளர் தமிழுக்கு மாறினார். "நீங்கதான் ஊருணியைப் பாத்துக்கிட்டீங்களா? திருவிழா நேரத்துல ஊர்ல ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பாகளா சார்" என்றார் அப்பா. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பவுடரப் போட்டுப் பிள்ள படிப்பக் கெடுத்தது நாந்தான். அப்ப பேச்சையும் நாந்தான வாங்கிக்கணும்?"

அதுவரை அவர் என்னிடம்கூட அதை ஒத்துக்கொண்டதில்லை.

தேர்வாளர் சிரித்தார். மேடமும் சிரித்தார். வாங்கப்போகிற பட்டத்தைவிட அந்தக் கடைசி வரிசை மனுஷன்தான் எனக்குப் பெரிய பெருமையாக இருந்தார். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

வெளியே டீக்கடையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு அவராகவே, "எங்க ஊருணியில எத்தன வகைப் பாசி இருக்கு தெரியுமா? சுத்துப்பட்டுல வேற எங்குட்டும் கெடையாது" என்று ஆரம்பித்தார்.